உடன்படுதல், இணங்குதல், ஒப்புக்கொள்ளுதல்: மானிப்பாய் அகராதி மரபும் ஓர் ஆங்கில வினையின் பொருட்பரப்பும்

ஆங்கிலத்தில் ‘அக்ரீ’ என்னும் வினைச்சொல், ஒருவர் மற்றொருவரின் கருத்தைத் தம் கருத்தாகக் கொள்வதையும், ஒரு வேண்டுகோளுக்கு இடங்கொடுப்பதையும், இரு தரப்பார் பேசி ஒரு முடிவுக்கு வருவதையும், ஓர் உண்மையை மறுக்காது ஏற்பதையும், எழுவாயும் பயனிலையும் எண்ணாலும் இடத்தாலும் பொருந்துவதையும், ஓர் உணவு உடம்புக்கு ஒத்துவருவதையும் ஒருங்கே குறிக்கும். ‘மனத்துக்குப் பிடித்தபடி’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொற்றொடரிலிருந்து பிறந்த இவ்வினையின் வேர், இனியது, உவப்பானது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லில் உள்ளது. உவப்பைக் குறித்த சொல் காலப்போக்கில் கடமையையும் குறிக்கலாயிற்று. ஆயினும் உவந்து சொன்னவரும் வேறு வழியின்றிச் சொன்னவரும் ஒரே வினையால் சுட்டப்படுவதை ஆங்கிலம் இன்றுவரை மாற்றவில்லை. தமிழில் இப்பரப்பு முழுவதையும் அடக்கும் தனி வினை இல்லை. உடன்படு, இசை, இணங்கு, சம்மதி, ஒப்புக்கொள், ஏற்றுக்கொள், ஒத்துப்போ, பொருந்து, யாழ்ப்பாணப் பேச்சில் ஓம்படு என்று பல வினைகள் அதனைப் பங்கிட்டுக்கொள்கின்றன. யார் யாருக்கு, எந்த நிலையிலிருந்து, எதற்குக் கட்டுப்பட்டுத் தலையசைத்தார் என்பதை ஆங்கில வினை சூழலுக்கு விட்டுவிட, தமிழ் வினைகள் அதனைப் பெரும்பாலும் தம்முள்ளேயே சொல்லிவிடுகின்றன. இந்த வேறுபாடு மொழிபெயர்ப்பில் எங்கே காக்கப்பட்டது, எங்கே கைநழுவியது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

இவ்வாராய்ச்சி மானிப்பாயிலிருந்து தொடங்குவதற்குத் தக்க காரணம் உண்டு. அமெரிக்க மிஷனரிமாரின் அச்சுக்கூடம் 1834 முதல் மானிப்பாயில் இயங்கிற்று. 1841இல் வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழும் அவர்களுடைய முயற்சியே. 1842இல் அந்த அச்சுக்கூடம் வெளியிட்ட தமிழகராதி, ‘யாழ்ப்பாண அகராதி’ என்றும் ‘மானிப்பாய் அகராதி’ என்றும் இருபெயர் பெற்றது. நல்லூரில் பணியாற்றிய யோசேப்பு நைற் பாதிரியார் தொடங்கிய சொற்றிரட்டு, 1840இல் அவர் இறந்தபின் லீவை ஸ்போல்டிங் பாதிரியாரின் மேற்பார்வையில் தொடர்ந்தது. சந்திரசேகர பண்டிதர் முதலிய உள்ளூர்ப் புலவர்களின் உழைப்பே அதற்கு உடலும் உயிருமாயிற்று. ஏறக்குறைய 58,500 சொற்களைக் கொண்ட அவ்வகராதி தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் கூறுவது. அதன் உடன்பிறப்பான ஆங்கில–தமிழ் அகராதி, நைற், ஸ்போல்டிங் ஆகியோரின் தொகுப்பாகவும் ஹச்சிங்ஸின் திருத்தத்தோடும் 1844இல் சென்னையில் அச்சாயிற்று. நைற் விட்டுச்சென்ற திரட்டையும் பயன்படுத்தி மைரன் வின்சுலோ உருவாக்கிய பெரிய தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தது. 67,000க்கு மேற்பட்ட சொற்களை அடக்கிய அந்நூலின்மேல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கன் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக எழும்பியது. ஆகவே, ஓர் ஆங்கில வினைக்கு எதிரே எத்தமிழ் வினையை நிறுத்துவது என்னும் கேள்விக்கு இன்றைய தமிழுலகம் பழகிவந்த விடைகளில் ஒரு பெரும் பங்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிஷன் வளவுகளில் வடிவம் பெற்றது.

அவ்வகராதிகளின் முறை சொல்லுக்குச் சொல் நேர்நிறுத்தும் முறை: ஒரு தலைச்சொல்லின் எதிரே அதனோடு பொருளால் நெருங்கிய சில சொற்கள் வரிசையாக வைக்கப்படும். நிகண்டு மரபில் வளர்ந்த பண்டிதர்களுக்கு இது இயல்பான முறை. ஒரு பொருட்குப் பல பெயர் கூறி மனப்பாடம் செய்விப்பதில் நிகண்டுக்கு நிகர் இல்லை. பெயர்ச்சொற்களுக்கு நன்கு பொருந்திய இம்முறை வினைச்சொற்களிடத்தில் தடுமாறியது. ஒரு வினையைச் சரியாக ஆள, அதன் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்த வேற்றுமையை வேண்டி நிற்கும் என்பதும், அதன் எழுவாயாக நிற்பவர் மற்றவரை நோக்க எத்தகைய நிலையினர் என்பதும் தெரிய வேண்டும். நேர்நிறுத்திய சொல்வரிசை இவ்விரண்டையும் சொல்வதில்லை.

வேற்றுமை பற்றிய செய்தி சற்று விரிவாக நோக்கத்தக்கது. ஆங்கிலம் தன் ஒற்றை வினையின் பொருள்களை முன்னிடைச் சொற்களால், அதாவது பெயருக்கு முன் வந்து உறவு காட்டும் சிறு சொற்களால், பிரித்துக்கொள்கிறது. ‘வித்’ என்பது சேர்ந்தால் ஒருவரோடு கருத்தொத்தல்; ‘டு’ சேர்ந்தால் ஒரு திட்டத்துக்கு இடங்கொடுத்தல்; ‘ஆன்’ சேர்ந்தால் பலர் பேசி ஒரு முடிவைக் கண்டடைதல். தமிழ் இதே பணியை வேற்றுமையுருபாலும் வினை மாற்றத்தாலும் ஒருங்கே செய்கிறது. ‘அவரோடு ஒத்துப்போகிறார்’ என்பதில் மூன்றாம் வேற்றுமை, ‘விலைக்குச் சம்மதித்தார்’ என்பதில் நான்காம் வேற்றுமை, ‘தவற்றை ஒப்புக்கொண்டார்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை. ஒரே வினை இரு உருபுகளை ஏற்கும்போது பொருள் எவ்வளவு விலகிவிடும் என்பதற்கு ‘ஒப்புக்கொள்’ என்பதே சான்று: ‘விலைக்கு ஒப்புக்கொண்டார்’ என்றால் அவர் இனிச் செய்யப்போவது பேசப்படுகிறது, ‘களவை ஒப்புக்கொண்டார்’ என்றால் அவர் முன்பு செய்தது பேசப்படுகிறது. எதிர்காலக் கடமையும் இறந்தகாலக் குற்றமும் ஓர் உருபின் வேறுபாட்டில் பிரிகின்றன. இருமொழி அகராதி ஒன்று இதனை ஒரு வரியில் காட்டியிருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் அகராதிகள் அதனை மரபறிந்த ஆசிரியரின் வாய்மொழிக்கு விட்டன. பின்வந்த அகராதிகளுட் பலவும் அவ்வாறே விட்டமை மனக்குறைக்குரியது. 1992இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தந்தபோதுதான் இந்தக் குறை ஓரளவு நீங்கத் தொடங்கியது.

இனி அவ்வினைகளைத் தனித்தனியே நோக்கலாம். ‘உடன்படு’ என்பது அவற்றுள் நூல்வழக்கில் மிகப் பழையது. ‘உடம்படு’ என்பது அதன் மற்றொரு வடிவம். இரண்டு உயிர்கள் அடுத்துவரும்போது அவற்றை இசைவிக்க இடையில் தோன்றும் யகர வகர மெய்களை இலக்கண நூலார் ‘உடம்படுமெய்’ என்றமை, இச்சொல் ஒலிகளின் பொருத்தத்துக்கும் ஆளப்பட்டதைக் காட்டுகிறது. நூலாசிரியர் கொள்ளத்தக்க கொள்கைகள் ஏழு என்று வகுத்த நன்னூல், பிறர் கொள்கைக்கு உடன்படலை முதலாவதாகவும் மறுத்தலை இரண்டாவதாகவும் வைத்தது. தொல்காப்பிய மரபியல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள்ளும், பிறன் ஒருவன் ஏற்றதைத் தானும் ஏற்றல் ஒன்று. இவ்விடங்களில் உடன்படுதல் என்பது பணிதல் அன்று. மறுக்கும் ஆற்றலும் உரிமையும் உடைய ஒருவர், ஆராய்ந்தபின் மறுக்காது நிற்கும் அறிவுநிலையே அது. திருக்குறளின் உட்பகை அதிகாரம் மன உடம்பாடு இல்லாதவரோடு ஒரே வீட்டில் வாழ்வதன் அச்சத்தைக் கூறும்போதும், ஒருவர் மற்றவருக்கு அடங்காமையைப் பேசவில்லை. இருவர் உள்ளமும் ஒரு வழிப்படாமையைப் பேசுகிறது. கிறிஸ்தவ வேதாகம மொழிபெயர்ப்பு இறைவனும் மக்களும் செய்துகொண்ட பிணைப்பை ‘உடன்படிக்கை’ என்று பெயரிட்டபோது இச்சொல்லுக்குப் புதிய பாரம் ஏறியது. இருவர் மனமொத்த நிலையைக் காட்டிய சொல், மீறினால் தண்டனைக்குரிய பிணைப்பையும் காட்டலாயிற்று. இலங்கைத் தமிழில் குத்தகை உடன்படிக்கை முதல் நாடுகளிடை உடன்படிக்கை வரை இச்சொல் இன்று தாங்கும் பொருளில் அந்த வேதாகம வழக்கின் சாயலும் கலந்திருக்கிறது.

‘இணங்கு’ வேறு தன்மையது. இவ்வினையின் எழுவாயாக நிற்பவர் முதலில் வேறோர் எண்ணம் கொண்டிருந்தார் என்பதும், வற்புறுத்தலினாலோ நயத்தினாலோ அதிலிருந்து இறங்கிவந்தார் என்பதும் வினைக்குள்ளேயே அடங்கியுள்ளன. அதனால் ‘இணங்கினார்’ என்னும் முற்றில் ஒரு சிறு தோல்வியின் நிழல் உண்டு. ‘இணக்கம்’ என்னும் பெயரிலோ அது மறைந்து நட்பின் சாயல் ஏறிவிடுகிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் ஏற்பட்ட, சிறு வழக்குகளைப் பேசித் தீர்க்கும் ஊர்மட்ட அமைப்பு ‘இணக்கசபை’ எனப்பட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதன் வழித்தோன்றலாக வந்தது ‘மத்தியஸ்த சபை’. ஈழத்தமிழர் அரசியலில் ‘இணக்க அரசியல்’ என்னும் தொடரைக் கேட்பவர், அதனை நட்பென்று கொள்வதா இறங்கிப்போதல் என்று கொள்வதா என்பதில் இரு பாலாகப் பிரிவது, பெயரும் வினையும் இவ்வாறு வெவ்வேறு நிறம் கொண்டிருப்பதனால்தான்.

வடமொழி வழிவந்த ‘சம்மதம்’ ஒத்த கருத்து என்னும் சொற்பொருளையுடையது. வழக்கிலோ அது கருத்தைவிட இசைவையே குறிக்கும். தமக்குரிய ஒன்றில், தம் நிலத்தில், தம் உடலில், தம் வாழ்வில் பிறர் ஒரு செயல் செய்ய இடங்கொடுப்பதே சம்மதம். மேலிருப்பவர் கீழிருப்பவருக்குக் கொடுப்பது அனுமதி. உரியவர் உரிமையற்றவருக்குக் கொடுப்பது சம்மதம். தமிழ்நாட்டு ஆட்சிமொழியில் சட்டமுன்வடிவுக்கு ஆளுநர் அளிப்பது ‘ஒப்புதல்’. இலங்கை ஆட்சிமொழி அத்தகைய இடங்களில் பெரும்பாலும் ‘அங்கீகாரம்’ என்னும் சொல்லையே ஆள்கிறது. பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் அரசுச் சொற்றொகுதிகள் தனித்தனியே உருவானதன் விளைவு இது. ஒரு கரையில் அதிகாரத்தின் கையெழுத்தைக் காட்டும் ‘ஒப்புதல்’, மறுகரையின் வாசகருக்குக் குற்றவாளிக் கூண்டை நினைவூட்டக்கூடும்.

யாழ்ப்பாணப் பேச்சில் இவையனைத்துக்கும் முன்னே நிற்பது ‘ஓம்’. தமிழகத்தார் ‘ஆமாம்’ என்னுமிடத்தில் குடாநாட்டார் ‘ஓம்’ என்பர். அதிலிருந்து ‘ஓம்படு’ என்னும் வினையும் ‘ஓமெண்டு சொல்லு’ என்னும் தொடரும் பிறந்தன. சம்பந்தம் பேசிய வீட்டார் ‘ஓம்பட்டிட்டினம்’ என்றால், சாதகப் பொருத்தமும் சீதனமும் பேசி முடிந்து, இரு குடும்பமும் பின்வாங்க இயலாத நிலைக்கு வந்துவிட்டன என்பது பொருள். பாதுகாப்பாக ஒருவரிடம் ஒப்புவித்தலைக் குறிக்கும் புறத்துறைச் சொல்லான ‘ஓம்படை’ ‘ஓம்பு’ என்னும் வேறு வினையின் வழிவந்தது. இரண்டையும் குழப்புதல் கூடாது. இங்கே கவனிக்க வேண்டியது, ஓம்பட்டவர் யார் என்பது. வினையின் எழுவாய் பெரும்பாலும் வீட்டாரே. மணப்பெண்ணின் வாய்ச்சொல் அதில் அடங்கியதாகக் கொள்ளப்பட்டது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்னும் முதுமொழி அந்த இடைவெளியை மூடப் பயன்பட்டது. வாய்திறக்க முடியாத ஒருவரின் மௌனத்தையும் சம்மதமாக எண்ணிக்கொள்ள அது இடமளித்ததை மறைப்பதற்கில்லை. கலியாண எழுத்தில், அதாவது பதிவாளர் முன் நடக்கும் விவாகப் பதிவில், மணமக்கள் தாமே கையொப்பமிட வேண்டும் என்னும் விதி, வீட்டாரின் ஓம்பாட்டைத் தனியாளின் சம்மதத்திலிருந்து முதன்முறையாகப் பிரித்தது.

இலக்கணத்தில் ‘அக்ரீ’ என்னும் ஆங்கில வினை பெறும் பொருளும் உணவைப் பற்றி வரும் பொருளும் சுருக்கமாகச் சொல்லத்தக்கன. எழுவாயும் முற்றும் திணை, பால், எண், இடங்களில் பொருந்தி வருவதைத் தமிழிலக்கணம் இயைபு என்றும், பொருந்தாமையை வழு என்றும் கூறும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலே இதற்கென அமைந்தது. உணவு உடம்புக்கு ‘ஒத்துவராது’ என்பதில் விருப்பமும் உரிமையும் இல்லாததால் மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே இடர் இல்லை. இடர் முழுவதும் மனிதர் மனிதருக்குக் கட்டுப்படும் இடத்தில்தான் இருக்கிறது. அவ்விடத்தைச் சட்டத்தைவிடத் தெளிவாகக் காட்டும் துறை வேறில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை எழுத்துருப் பெற்றதே உடன்பாட்டுச் செயல் ஒன்றினால்தான். ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசக்ஸ் 1707இல் அதனைத் தொகுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமார் முன் வைக்கப்பட்டது. அதில் உள்ளவை தம் நாட்டு வழக்கோடு பொருந்துகின்றன என்று அவர்கள் உறுதி கூறியபின்பே அது நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியரின் 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்டவலு அளித்தது. முதலிமார் செய்தது எவ்வகைச் செயல் என்று கேட்டால் மேற்கூறிய வேறுபாடுகள் உடனே தேவைப்படுகின்றன. புதிய சட்டம் ஒன்றுக்கு அவர்கள் சம்மதம் அளிக்கவில்லை, ஏனெனில் அது அவர்கள் அளிக்கக்கூடியதும் அன்று. எழுத்தில் உள்ளது வழக்கில் உள்ளதோடு ஒத்திருக்கிறது என்று சான்று கூறினர். ஆனால் அவர்களுடைய சான்று ஒரு சமூகம் முழுவதும் அச்சட்டத்துக்கு உடன்பட்டதன் அடையாளமாகப் பிற்காலத்தில் எண்ணப்பட்டது. அந்தப் பன்னிருவரும் நிலமும் பதவியும் உடைய ஆடவர் என்பதையும், அச்சட்டம் அடிமைகளைப் பற்றியும் பெண்களின் சொத்தைப் பற்றியும் விதி கூறியது என்பதையும் சேர்த்து நோக்கும்போது, கேட்கப்படாதவர்களின் மேலும் அவ்வுடன்பாடு ஏற்றப்பட்டதை உணரலாம்.

சொத்துப் பற்றிய பிற்காலச் சட்டங்களிலும் இக்கேள்வி தொடர்கிறது. 1911ஆம் ஆண்டு 1ஆம் இலக்க, யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச்சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசைவற்ற சொத்தை, அதாவது காணியையும் வீட்டையும், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. இறுதி விருப்பாவணத்தால் கொடுப்பதற்கு மட்டும் அது வேண்டியதில்லை. அச்சொத்து அவள் சீதனமாகக் கொண்டுவந்ததாக இருப்பினும் விதி அதுவே. கணவன் கைவிட்டுச் சென்றாலோ, நெடுங்காலம் சிறையிலிருந்தாலோ, இருப்பிடம் தெரியாதவனாயினாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்தின் இடத்தில் தன் கட்டளையை வைக்கலாம். உரியவர் பிறருக்கு அளிப்பது சம்மதம் என்று மேலே கூறப்பட்டது. இங்கோ உரியவளுக்கு உரிமையற்றவர் அளிப்பது அப்பெயரைப் பெற்றிருக்கிறது. ‘அனுமதி’ என்று மொழிபெயர்த்திருந்தால் அவ்விதியின் உண்மை உருவம் வெளிப்பட்டிருக்கும். போரில் கணவன் காணாமற்போன பெண்கள் பலருக்கு, இல்லாதவரின் கையெழுத்துக்காக நீதிமன்றப் படியேறுவது ஏட்டுச் சிக்கலாக மட்டும் இருக்கவில்லை.

வாய்மொழி ஓம்பாட்டுக்கும் எழுத்து உடன்படிக்கைக்கும் இடையே சட்டம் எல்லை போட்டதும் இங்கே குறிக்கத்தக்கது. மானிப்பாய் அகராதி வெளிவருவதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம், காணி விற்பனை பற்றிய எந்த உடன்பாடும் பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படாவிடின் வலுவற்றது என்று விதித்தது. ‘உறுதி முடித்தல்’ என்று குடாநாட்டார் சொல்வது இச்செயலையே. அங்கே ‘உறுதி’ என்பது பத்திரத்தின் பெயர். வேலியோரம் நின்று சொன்ன ‘ஓம்’ அன்றிலிருந்து காணிக்குக் கட்டுப்பாடு ஆகாது போயிற்று.

அரசியல் உடன்பாடுகளில் இவ்வினைகளின் வேறுபாடு பெரும் விலை கேட்டது. 1957 யூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் அடுத்த ஏப்ரலில் ஒருதலையாகக் கிழித்தெறியப்பட்டது. 1965இன் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. மானிப்பாயை அடுத்த சுதுமலை இவ்வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1987 யூலை 29இல் இந்திய, இலங்கை அரசுகள் கொழும்பில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைப் பற்றித் தமிழீழ விடுதலைப் புலிகளின் தலைவர் வே. பிரபாகரன் ஆகஸ்ட் 4இல் சுதுமலை அம்மன் கோயில் வெளியில் பெருங்கூட்டத்தின் முன் உரையாற்றினார். அவ்வொப்பந்தம் தமிழர் சிக்கலுக்கு நிலையான தீர்வாகாது என்று கூறிய அவர், இந்தியாவோடு மோத விரும்பாமையால் ஆயுதங்களை ஒப்படைப்பதாகவும், மக்களின் பாதுகாப்புப் பொறுப்பை இந்தியா ஏற்பதாகவும் அறிவித்தார். ஆங்கிலத்தில் அன்று ‘புலிகள் அக்ரீ செய்தனர்’ என்று எழுதியவர் பிழையாக எழுதினார் என்று கூற முடியாது. ஆனால் தமிழில் அதனை ‘உடன்பட்டனர்’ என்று எழுதினால் பொய்யாகும், ‘இணங்கினர்’ என்றால்தான் நிகழ்ந்ததோடு ஒட்டும். கையொப்பமிட்ட இரு அரசுகளும் உடன்பட்டன; கையொப்பமிடாத தரப்பு கருத்தால் மறுத்துச் செயலால் இணங்கியது. அவ்விணக்கம் ஒக்டோபரில் போராக உடைந்ததன் காரணங்கள் பல. அது தொடக்கத்திலேயே உடன்பாடு அன்று என்பது அவற்றுள் ஒன்று.

ஒப்புக்கொள்ளுதலின் மறுபக்கமான குற்ற ஒப்புதலில், மொழி ஒருவரின் வாழ்நாளையே தீர்மானிக்கிறது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச்சட்டம் பொலிசு அலுவலர் ஒருவரிடம் கூறிய குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்பதில்லை. 1979ஆம் ஆண்டு 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிசு அத்தியட்சகருக்குக் குறையாத அலுவலரிடம் கூறியது என்றால் அதனை ஏற்கச் செய்தது. அது தன்விருப்பின்றிப் பெறப்பட்டது என்று காட்டும் சுமையையும் எதிரியின் தோளில் ஏற்றியது. 1993இல் கைதான தமிழர் ஒருவர், தமக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சிடப்பட்ட வாக்குமூலத்தின் கீழ்ப் பெருவிரல் அடையாளம் இட்டார். கேள்விக்கும் விடைக்கும் நடுவே மொழிபெயர்த்தவர் ஒரு பொலிசு கொன்ஸ்தாபிள். அந்த வாக்குமூலத்தை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004 யூலையில், இத்தகைய சூழலில் பெற்ற வாக்குமூலத்தை நம்பியமையும், அது தன்விருப்பில் கூறியதன்று என்று நிறுவும் சுமையை அவர்மேல் சுமத்தியமையும் நேர்மையான விளக்கத்துக்குரிய உரிமையை மீறின என்று முடிவு கூறிற்று. 2006 செப்டெம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், அக்குழுவின் கருத்தைக் கொண்டு தீர்ப்பை மீள்பார்வை செய்ய இயலாது என்று மறுத்தது.

‘ஒப்புக்கொண்டார்’ என்னும் வினைக்கு எழுவாய் ஆவதற்கு, இரண்டாம் வேற்றுமையில் நிற்கும் பொருளை அவர் அறிந்திருக்க வேண்டும். தெரியாத மொழியில் எழுதிய ஒன்றை ஒருவர் ஒப்புக்கொள்ள முடியாது. அதன்கீழ் விரல் வைக்க மட்டுமே முடியும். மானிப்பாயில் மருத்துவம் செய்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 தொடக்கம் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தமிழில் கொணர்ந்ததன் பெருமை இவ்விடத்தில் நன்கு விளங்கும். நோயாளியின் மொழியில் நோயைச் சொல்லக்கூடிய மருத்துவர் இருந்தால்தான் கத்திக்கு முன் அவர் கூறும் ‘ஓம்’ சம்மதம் என்னும் பெயருக்கு உரியதாகும். இன்று வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களிலும் பொலிசு நிலையங்களிலும் வைத்தியசாலைகளிலும் கையொப்பத்துக்கு நீட்டப்படும் படிவங்களைத் தமிழாக்குவோர், வினைக்கு நேரே வினையை நிறுத்துவதோடு அமையாது, கையொப்பமிடுபவர் எதை அறிந்து, எந்த உரிமையோடு, எதற்காக இடுகிறார் என்பதைத் தாங்கும் வினையைத் தெரிந்து, அதற்குரிய உருபோடு எழுத வேண்டும். அப்படிவத்தை உரத்து வாசித்து விளக்கிய மொழிபெயர்ப்பாளரின் பெயருக்கும் அதே தாளில் ஓரிடம் ஒதுக்க வேண்டும்.